டிஸ்க்குக்குள் என்ன கிடக்கு? போல்டர் பட்டியல் எடுக்க எந்த வழி தோது

முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் ஒரு வாசிகசாலை அலுமாரிக்குள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற சாப்பாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே பொலித்தீனால் சுற்றிய ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் படங்கள், கோவலன் கூத்து ஒலிப்பதிவுகள், வயதுபோன ஆக்களின் நேர்காணல்கள், ஸ்கான் செய்த காணிக் கடதாசிகள், செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகங்கள் என்று ஊர்ச்சனம் வருசக்கணக்காகக் கொண்டுவந்து தந்தது எல்லாம் அதற்குள்தான்.

அதைப் பொறுப்பாகப் பார்க்கிற அக்கா ஒருநாள் எனக்குக் கோல் எடுத்தார். "தம்பி, இதுக்குள்ள என்னென்ன கிடக்கு எண்டு ஒரு பேப்பரில எடுக்கேலாதோ? ஆக்கள் வந்து கேக்கினம். ஒவ்வொருக்காலும் டிஸ்க்கைக் கொழுவித் தேடித் தேடி நான் களைச்சுப் போறன்."

கேள்வி சின்னது. ஆனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கனம் உண்டு. 2009இல் அல்பத்தையும் உறுதிக் கடதாசியையும் விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் வன்னியில் எத்தனை! தகப்பனுடைய முகம் ஒரு கூத்துப் படத்தின் பின்வரிசையில் நிற்குமோ என்று தேடி வருகிற பிள்ளைக்கு, "இருக்கு" அல்லது "இல்லை" என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். "தேடிப் பாத்துச் சொல்லுறன்" என்று மூன்று தரம் திருப்பி அனுப்புவது பாவம்.

நான் இருப்பது கிளிநொச்சியில். பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் பஸ் ஏறிப் போகலாம்தான், ஆனால் ஒவ்வொரு புதுப்படத்துக்கும் போக முடியாது. ஆகவே அக்காவே செய்யக்கூடிய வழியாக இருக்க வேண்டும். வாசிகசாலைக் கணினியில் புது மென்பொருள் ஏற்றும் கடவுச்சொல் அவரிடம் இல்லை. இணையம் போன் டேட்டாதான். போல்டருக்குள் போல்டர், அதற்குள்ளும் போல்டர் என்று கிடப்பதெல்லாம் பட்டியலில் வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்களில் முக்கால்வாசி தமிழ். அந்தத் தமிழ் உடையக் கூடாது. இந்தத் தராசில்தான் கீழே உள்ள வழிகளை நிறுத்துப் பார்த்தேன். எல்லாம் விண்டோஸ் கணினிக்கானவை. ஆங்கிலக் கட்டளைகளைத் தமிழில் ஒலித்து எழுதியிருக்கிறேன். நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

மூன்றெழுத்துக் கட்டளை

முதலில் எடுத்தது டாஸ் காலத்திலிருந்து வருகிற டி–ஐ–ஆர். காசில்லை, ஏற்றத் தேவையில்லை, எந்த விண்டோஸிலும் இருக்கும். பலர் கறுப்புத் திரையைக் கண்டதும் விலகிவிடுகிறார்கள். உண்மையில் இதைவிட எளிதாகப் போனில் சொல்லிக் கொடுக்கக்கூடிய வேறொன்றை நான் காணவில்லை.

வேண்டிய போல்டரைத் திறந்து, மேலே முகவரி காட்டும் பட்டியில் இருப்பதை அழித்துவிட்டு, சி–எம்–டி என்று அடித்து என்டர் தட்டினால் அந்தப் போல்டரிலேயே கறுப்புத் திரை திறக்கும். பாதை எதுவும் அடித்து மாள வேண்டியதில்லை. பிறகு டி–ஐ–ஆர், இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, சாய்கோடு பி, இடைவெளி, பெரிது என்கிற கணக்குக் குறி, இடைவெளி, லிஸ்ட் புள்ளி டி–எக்ஸ்–டி. என்டர். எஸ் என்பது உள்ளே உள்ள போல்டர்கள் எல்லாவற்றையும் துழாவச் சொல்வது. பி என்பது அலங்காரம் இல்லாமல் பாதையும் பெயரும் மட்டும் போதும் என்பது. பெரிது குறி, திரையில் ஓடுவதை ஒரு பைலுக்குள் திருப்பிவிடுகிறது.

"தம்பி, சாய்கோடு எண்டு ரெண்டு கிடக்குதே. எது?"

"கேள்விக்குறி இருக்கிற கட்டை அக்கா. வலக்கைப் பக்கம், கீழ."

"ஓம் ஓம். பெரிசு எண்டுறது?"

"சிஃப்டைப் பிடிச்சுக்கொண்டு முற்றுப்புள்ளியை அமத்துங்கோ."

ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பைலைத் திறந்து பார்த்த அக்காவின் குரல் இறங்கிப் போனது. "தம்பி, முழுக்கக் கேள்விக்குறி."

அது நான் விட்ட பிழை. கறுப்புத் திரை பழைய எழுத்துக் குறியீட்டில் வேலை செய்கிறது. அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு எழுதிவிடும். 'தீர்த்தமெடுத்தல்' என்ற போல்டர் பதினாறு கேள்விக்குறியாகக் கிடந்தது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் கேள்விக்குறியாக நிற்பதைக் கண்டால் மனம் ஒரு மாதிரித்தான் ஆகிறது. ஆனால் மூலப் பைல்களுக்கு ஒன்றும் ஆகாது, பட்டியலில்தான் கெடுதி.

மருந்து ஒரு வரி. டி–ஐ–ஆர் அடிக்க முன்னம் சி–எச்–சி–பி, இடைவெளி, 65001 என்று அடித்து என்டர் தட்ட வேண்டும். 65001 என்பது எல்லா மொழி எழுத்தையும் அடக்கும் யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவத்துக்கு விண்டோஸ் வைத்திருக்கும் எண். அதற்குப் பிறகும் கறுப்புத் திரையில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரியலாம், பயப்படத் தேவையில்லை. பைலை நோட்பேடில் திறந்தால் தமிழ் ஒழுங்காக நிற்கும். அக்கா இந்த எண்ணை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் சோக்கால் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் இன்னும் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். பட்டியல் பைல் அதே போல்டருக்குள் உண்டாவதால் தன்னையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும், அந்த வரியை அழித்துவிடுங்கள். மற்றது, போல்டர் ஆழம் கூடினால் பாதையின் நீளம் விண்டோஸின் 260 எழுத்து எல்லையைத் தாண்டலாம். தமிழில் இது எதிர்பார்ப்பதைவிட வேகமாக வந்துவிடும். 'கிளிநொச்சி' எங்கள் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்கு அது பத்து. நீளம் கூடிய இடத்தில் திரையில் ஓர் ஆங்கில முறைப்பாடு வரும், பட்டியல் பைலில் அது வராது. ஆகவே கட்டளை ஓடி முடிந்ததும் திரையையும் ஒருக்கால் பார்ப்பது நல்லது.

சாய்கோடு பியை விட்டுவிட்டு அடித்தால் அளவும் திகதியும் சேர்ந்து வரும். கடைசியில் மொத்தம் எத்தனை பைல், எத்தனை பைட் என்று கணக்கும் போடும். அந்தக் கடைசி வரிகள் எனக்குப் பொன். முள்ளியவளை டிஸ்க்கின் பிரதி ஒன்று என்னிடமும் இருக்கிறது. இரண்டு பக்கத்திலும் இந்தக் கட்டளையை ஓட்டி, எண்களைப் போனில் வாசித்துப் பொருத்திப் பார்ப்போம். பொருந்தினால் ஒரு மன நிம்மதி. பிசகினால் எது விடுபட்டது என்று அன்றைக்கே தேடுவோம்.

ட்ரீ என்ற கட்டளை இதன் ஒன்றுவிட்ட சகோதரம். சாய்கோடு எஃப் சேர்த்தால் போல்டரும் பைலும் கிளை கிளையாக வரும், பார்க்க வடிவு. பைலுக்குத் திருப்பும்போது கிளைக் கோடுகள் வேற்று எழுத்தாக மாறினால் சாய்கோடு ஏயும் சேருங்கள். சுவரில் ஒட்ட நல்லது, தேட உதவாது.

எக்ஸெலுக்குள்ளேயே இருக்கும் வழி

எக்ஸெலை எல்லா அலுவலகத்திலும் பாவிக்கிறார்கள். ஆனால் அது ஒரு முழுப் போல்டரைப் பட்டியலாக இழுக்கும் என்று தெரிந்தவர்கள் குறைவு. எக்ஸெல் 2016க்குப் பிந்தியது என்றால் டேட்டா என்ற தலைப்பின் கீழ் கெட் டேட்டா, பிறகு ஃப்ரம் ஃபைல், அதற்குள் ஃப்ரம் ஃபோல்டர். 2016இல் முதல் பொத்தானின் பெயர் நியூ க்வெரி. போல்டரைக் காட்டி லோட் தட்டினால் பெயர், நீட்சி, திருத்திய திகதி, உண்டாக்கிய திகதி, போல்டர் பாதை என்று நிரல் நிரலாக வந்து உட்காரும். உள்போல்டர்களும் சேர்ந்தே வரும். தமிழுக்கு எந்த ஆபத்தும் இல்லை, 65001 என்ற மந்திரமும் வேண்டாம்.

பைலின் அளவு முதலில் தெரியாது. லோடுக்குப் பதிலாகத் திருத்தும் பொத்தானைத் தட்டி, அட்ரிபியூட்ஸ் என்ற நிரலின் தலையில் உள்ள இரட்டை அம்பை அழுத்தினால் ஒரு நீளமான தெரிவுப் பட்டியல் விரியும். அதில் சைஸ் என்பதை மட்டும் விட்டு மற்றச் சரிகளை எடுத்துவிடுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம், பக்கத்தில் ஒரு வெற்று நிரலைச் சேர்த்து எழுதலாம் என்பதுதான். கமராவிலிருந்து வந்த படங்களுக்குப் பெயர் டிஎஸ்சி 0412, டிஎஸ்சி 0413 என்றே இருக்கும். அப்படி நானூறு வரியை அச்செடுத்து என்ன செய்வது? 'கோவலன் கூத்து, மாதவியாக ஆடியவர் இன்னார், பின்னால் மத்தளம் இன்னார்' என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதினால்தான் பட்டியலுக்கு உயிர் வரும். அந்த விபரம் டிஸ்க்கில் இல்லை, ஊரில் நாலைந்து முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எழுதி எடுக்க வேண்டும். முல்லைமோடி என்கிற முல்லைத்தீவுப் பாணிக் கூத்தில் ஆடிய ஒரு ஐயா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மாலைப்பொழுதில் முப்பது படத்துக்குப் பெயர் சொன்னார். அந்த மாதிரி மாலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை.

அதனால்தான் இந்த எச்சரிக்கையை இரண்டு தரம் வாசியுங்கள். எக்ஸெல் இழுத்த பட்டியலுக்குப் பக்கத்திலேயே நேரடியாகக் குறிப்பு எழுதாதீர்கள். புதுப்படங்கள் போட்டபின் ரிஃப்ரெஷ் தட்டினால் இழுத்த நிரல்கள் புது வரிசைக்கு நகரும், கையால் எழுதியது பழைய இடத்திலேயே நிற்கும். எனக்கு அது நடந்தது. மாதவியாக ஆடியவரின் பெயர் தீர்த்தக்கரைப் படத்துக்கு எதிரே போய் நின்றது. நல்ல காலம், முதல்நாள் பிரதி இருந்தது. இப்போது செய்வது இதுதான்: பட்டியல் வந்ததும் முழுவதையும் கொப்பி பண்ணி, இன்னொரு தாளில் பெறுமானமாக மட்டும் ஒட்டிவிட்டு அந்தத் தாளில் எழுதுகிறோம். புதிதாக வந்தவற்றைத் தனியே எடுத்து அதன் அடியில் சேர்க்கிறோம்.

எக்ஸெலின் குறை, அது கணினியில் இருக்க வேண்டும் என்பதுதான். இல்லாவிட்டால் டி–ஐ–ஆர் தந்த பைலை நோட்பேடில் திறந்து, எல்லாவற்றையும் கொப்பி பண்ணி, லிப்ரே ஆபிஸ் தாளில் ஒட்டுங்கள். வரிக்கு ஒரு பைல் வந்துவிடும். குறிப்பு நிரல் அங்கேயும் எழுதலாம்.

எவ்ரிதிங்

வாய்ட்டூல்ஸ் வெளியிடும் இந்தச் சின்ன மென்பொருளை என்னுடைய கணினியில் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறேன். இலவசம், இறக்க மிகச் சிறியது, போன் டேட்டாவில் எடுத்தாலும் கை சுடாது. எந்தப் பைல் எங்கே என்று விண்டோஸ் டிஸ்க்கிலேயே குறித்து வைக்கும் என்டிஎஃப்எஸ் அட்டவணையை நேரே வாசிப்பதால் இலட்சக்கணக்கான பைல் இருந்தாலும் பெயரின் இரண்டெழுத்து அடிக்க முன்னமே பதில் வந்து நிற்கும். வந்த பட்டியலை எழுத்துப் பைலாகவோ எக்ஸெல் திறக்கும் வடிவத்திலோ வெளியே எடுக்கலாம்.

இதற்கென்றே ஒரு பட்டியல் வடிவமும் உண்டு, ஈஎஃப்யு. டிஸ்க்கைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்த பின்னும், அந்த ஈஎஃப்யு பைலைத் திறந்து பெயர்களைத் தேடலாம். முள்ளியவளையில் கிடக்கிற டிஸ்க்கை நான் கிளிநொச்சியில் இருந்து தேடுவது இப்படித்தான். நாலைந்து டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நிகராக வேறொன்றை நான் பாவித்ததில்லை.

அப்படியிருந்தும் அக்காவுக்கு இதை நான் சொல்லவில்லை. என்டிஎஃப்எஸ் அட்டவணையை வாசிக்க நிருவாகி அனுமதி வேண்டும், அந்தக் கடவுச்சொல் அவரிடம் இல்லை. பென் டிரைவ்கள் பெரும்பாலும் வேறு வடிவத்தில் இருக்கும், அவற்றுக்குப் போல்டரை அமைப்புக்குள் போய்த் தனியே சேர்க்க வேண்டும். மாதத்தில் ஒருதரம் செய்கிற வேலைக்கு அவ்வளவும் பாரம்.

மற்றவை

ஒரு போல்டர் மட்டும் போதுமென்றால் எல்லாவற்றையும் தெரிவுசெய்து, விண்டோஸ் 11இல் வலக்கிளிக் பண்ணி கொப்பி ஆஸ் பாத் தட்டுங்கள். விண்டோஸ் 10 என்றால் சிஃப்டைப் பிடித்துக்கொண்டு வலக்கிளிக். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், தமிழ் அப்படியே வரும், இரு பக்கமும் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்டு வரும். தேடல் பெட்டியில் ஒரு நட்சத்திரக் குறி அடித்து உள்போல்டர் எல்லாவற்றையும் காட்டவைத்து, பிறகு இதையே செய்யலாம். அவசரத்துக்கு நல்ல கைமருந்து. அளவு, திகதி வராது.

குரோம் உலாவியின் முகவரிப் பட்டியில் டிஸ்க்கின் எழுத்தும் முக்காற்புள்ளியும் இடப்பக்கம் சாயும் கோடும் அடித்தால் உள்ளே இருப்பது பெயர், அளவு, திகதியுடன் பக்கமாக வரும். நேரே அச்செடுக்கலாம். ஒரு படி மட்டுமே காட்டும்.

விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல் எல்லாவற்றிலும் வலிமையானது. பெயர், அளவு, திகதி என்று வேண்டியதைப் பொறுக்கி நேரே எக்ஸெல் திறக்கும் பைலாக எழுதும். விண்டோஸோடு வருகிற பதிப்பில் எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று சொல்ல மறந்தால் அதே கேள்விக்குறிக் கதைதான். அதன் கட்டளையைப் போனில் எழுத்துக்கூட்டிச் சொல்ல நான் ஒருதரம் முயன்றேன், பாதியில் இருவரும் விட்டுவிட்டோம். கணினி படிக்கிற பிள்ளை பக்கத்தில் இருந்தால் எழுதி வைத்துத் தட்டச் செய்யலாம்.

கேரன் கென்வேர்தி என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய டிரெக்டரி பிரிண்டர், பட்டியல் அச்செடுப்பதற்கென்றே செய்த பழைய மென்பொருள். அவர் இப்போது இல்லை. எதை அச்செடுக்க வேண்டும் என்று சரி போட்டுத் தெரிவுசெய்யும் அதன் திரையை இன்றும் விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஏற்ற வேண்டிய மென்பொருள் என்பதால் எங்கள் தராசில் அது கீழே போய்விட்டது. ட்ரீசைஸ், வின்டிர்ஸ்டாட் இரண்டும் எந்தப் போல்டர் இடம் பிடிக்கிறது என்று காட்டப் பிறந்தவை, அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் எடுக்க முன்னம்

எந்த வழி எடுத்தாலும் பெயர்கள் கெட்டிருந்தால் பட்டியலும் கெட்டதே. பழைய சீடிகளில் இருந்து ஏற்றிய போல்டர்களில் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருக் காலத்துப் பெயர்கள் கிடக்கும். பாமினி முறையில் 'கிளிநொச்சி' என்று அடித்தது பைல் பெயரில் எஃப், பி, எஸ், பி, என், ஈ, எச், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி என்று ஆங்கில எழுத்தாகவே நிற்கும். தமிழில் தேடினால் ஒருநாளும் அகப்படாது, அகரவரிசையிலும் எஃப்பின் கீழ் போய் ஒளிந்துகொள்ளும். பட்டியலைப் பார்த்து இப்படியானவற்றுக்கு யூனிகோடில் பெயர் மாற்றுங்கள். எங்களுக்கு நாற்பதுக்கு மேல் அகப்பட்டது. அதில் ஒன்று, தொலைந்துபோனது என்று எல்லோரும் நினைத்திருந்த ஒரு கூத்து ஒலிப்பதிவு.

வரிசை இன்னொன்று. வற்றாப்பளைச் சடங்குகளில் முதலில் பாக்குத்தெண்டல், பிறகு தீர்த்தமெடுத்தல், பிறகு பொங்கல். கணினி அகரவரிசைக்குப் போய்த் தீர்த்தத்தை முன்னால் வைக்கும். போல்டர் பெயருக்கு முன்னால் 01, 02, 03 என்று போட்டபின் பட்டியல் ஊர் வழக்கப்படி வருகிறது.

என் தீர்ப்பு இப்படி. ஏற்ற முடியாத கணினி, தொலைவில் இருக்கும் ஆள் என்றால் டி–ஐ–ஆர், 65001ஐ மறக்காமல். எக்ஸெல் இருக்கிறது, படத்துக்கு எதிரே ஆள் பெயர் எழுதப் போகிறீர்கள் என்றால் ஃப்ரம் ஃபோல்டர். பல டிஸ்க், சொந்தக் கணினி, அடிக்கடி தேடல் என்றால் எவ்ரிதிங். முள்ளியவளையில் முதல் இரண்டையும் வைத்திருக்கிறோம்: கணக்குப் பொருத்த டி–ஐ–ஆர், எழுத எக்ஸெல்.

அச்செடுத்த பட்டியல் இப்போது சாப்பாட்டுப் பெட்டிக்குள் டிஸ்க்குக்கு மேலே மடித்துக் கிடக்கிறது. இன்னொரு பிரதி வாசிகசாலை மேசையில். அக்கா கோல் எடுத்தால் பைல் பெயர் சொல்வதில்லை, வரி எண்தான். போன கிழமை எடுத்தவர், "தம்பி, 214இல பின்னுக்கு நிக்கிறது ஆர் எண்டு தெரிஞ்சிட்டுது. மகள் வந்து பாத்தவ. உங்கட பிரதியிலயும் எழுதி விடுங்கோ" என்றார்.